அன்பினால் எழுதிக் கொடுத்த வீடு: பத்திரம் போடும் முன்னால் எனக்கு யாரும் சொல்லாதவை

என் அண்ணன் மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் இப்படி ஒரு வரி வரும்: "தங்கள் பேரில் எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பிரியத்தினாலும், தங்களுடைய எதிர்கால நன்மையை உத்தேசித்தும்..." செட்டில்மெண்ட் பத்திரங்களில் இந்த மாதிரி ஒரு வரி வழக்கமாக இருக்கும். பத்திர எழுத்தர் கம்ப்யூட்டரில் ஏற்கனவே தயாராக வைத்திருப்பார், பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றுவார். கையெழுத்துப் போடும்போது யாரும் அதை நின்று படிப்பதில்லை. ஆனால் அந்த அன்புக்குப் பதிலாக எதையாவது எதிர்பார்க்கலாமா, கூடாதா என்பதுதான் பின்னால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் என் வழக்கே. சொத்தைப் பிரியமானவர்கள் பேருக்கு மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களும், அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். இதில் பாதியாவது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாயும், நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய சில வருஷங்களும் மிஞ்சியிருக்கும்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெல்டா பக்கம் சின்ன ஊர். அண்ணி இறந்தபோது தம்பி மூன்றாம் வகுப்பு (அண்ணன் மகனை நான் எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்). அண்ணன் வேலைக்காக வெளியூரிலேயே இருந்ததால் அவன் என்னிடம் வளர்ந்தான். நைட் டியூட்டி முடிந்து வந்து அவனுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நான் படுப்பேன். டிப்ளமோ படிக்க வைத்தேன், வண்டி வாங்கிக் கொடுத்தேன், பெண் பார்த்ததும் நான்தான். அவனும் என்மேல் உயிராகத்தான் இருந்தான். இதைச் சொல்லாமல் போனால் மீதிக் கதை பொய்யாகிவிடும். ஏமாற்றுவதற்காக வளர்ந்த பிள்ளை இல்லை அவன். எனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

கொரோனா முதல் அலை முடிந்த சமயம். கூட வேலை பார்த்த சிலரை இழந்திருந்தேன். நமக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த வீட்டுக்கு ஆள் ஆளுக்கு உரிமை கொண்டாடி, பிள்ளை அலையக் கூடாது என்று 2021 ஆரம்பத்தில் அவன் பேருக்கு எழுதிவிட முடிவு செய்தேன். பத்திர எழுத்தரிடம், "நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டில் இருப்பேன், அவன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு வரி சேர்க்கலாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா, வளர்த்த பையன்தானே. அப்படிப் போட்டா நாளைக்கு பேங்க்ல லோன் தரமாட்டாங்க" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. எனக்கும் அதற்கு மேல் வற்புறுத்தக் கூச்சமாக இருந்தது. பாசத்தில் கொடுக்கிற இடத்தில் கணக்குப் பேசுகிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம். அந்த அறையில் இருந்த யாருக்கும், ஏன், எனக்கே கூட அந்த வரி தேவையில்லாத ஒன்றாகத்தான் தெரிந்தது.

இங்கே பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மகன், மகள், கணவன், மனைவி, பெற்றோர் போன்ற குடும்ப உறுப்பினருக்கு செட்டில்மெண்ட் எழுதினால் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதற்கு உச்சவரம்பு அப்போது 25,000 ரூபாய், பதிவுக்கட்டணத்துக்கு 4,000. 2023 ஜூலையில் இவை 40,000, 10,000 என்று உயர்ந்துவிட்டன. ஆனால் அண்ணன் மகன் இந்தக் குடும்பப் பட்டியலில் வரமாட்டான். எத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அப்போது 7 சதவீத முத்திரைத்தீர்வை, 4 சதவீத பதிவுக்கட்டணம். வீட்டின் வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) 16 லட்சம், ஆக 1,76,000 ரூபாய். ஓய்வூதியப் பலனில் மிச்சம் வைத்திருந்த டெபாசிட்டை உடைத்துக் கட்டினேன். பத்திரம் பின்னால் ரத்தானாலும் இந்தப் பணம் நமக்குத் திரும்பி வரப்போவதில்லை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். முதல் வருஷம் எல்லாம் நன்றாகவே இருந்தது. அப்புறம் பட்டா, வீட்டு வரி, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அவன் பேருக்கு மாறியது. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு முன்பக்க அறை அவன் மாமனார், மாமியாருக்கு வேண்டியிருக்கிறது என்று நான் பின்கட்டுக்குப் போனேன். அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது நின்றது. நான் சமைத்தால் அடுப்பு ஒழியவில்லை என்ற பேச்சு வந்தது. கண் புரை அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள், அன்றைக்கு அவனுக்கு வேலை. தனியாக ஆட்டோ பிடித்துப் போய், ஒரு கண்ணில் கட்டோடு தனியாகவே திரும்பி வந்தேன். வார்டில் எத்தனையோ பெரியவர்களிடம், "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டவள் நான். அன்றைக்கு என்னை அந்தக் கேள்வி கேட்ட நர்ஸுக்குச் சொல்ல எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். யார் மேலும் கோபம் என்றுகூட இல்லை. இத்தனை வருஷம் நான் பாசம் என்று நினைத்திருந்தது என் பக்கம் மட்டும்தான் இருந்ததா என்ற பயம்.

2023 கடைசியில் ஒருநாள் இரண்டு பேர் வந்து வீட்டை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். புரோக்கர்கள். வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் தம்பியிடம் கேட்டேன். "பத்திரம் என் பேர்ல இருக்கு அத்தை. உங்களுக்கு நல்ல ஹோமா பார்த்துச் சேர்க்கிறேன்" என்றான். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அடுத்த மாதமே தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் ஓர் அறை பார்த்து, 30,000 அட்வான்ஸ், 5,000 வாடகைக்குக் குடிபோனேன். இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், வெளியே போகும் சூழ்நிலை வந்தால், போகும் முன்னால் உங்கள் மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம், ஆதார், தாய்ப் பத்திரத்தின் நகல், வீடு கட்டியதற்கான ரசீதுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பத்திர நகல் தொலைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம், பதிவுத்துறையில் பணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் சான்று) மாதம் ஒருமுறை பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வீடு அடமானத்துக்கோ விற்பனைக்கோ போய் மூன்றாம் ஆள் உள்ளே வந்துவிட்டால் வழக்கு பல மடங்கு சிக்கலாகிவிடும். என் விஷயத்தில் நல்லவேளையாக அது நடக்கும் முன்னால் மனு போட்டுவிட்டேன்.

ஆனால் சரியான இடத்துக்கு வந்து சேர்வதற்குள்தான் ஒரு வருஷம் வீணாகப் போனது. முதலில் காவல் நிலையம். குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்து, நானே கொடுத்ததை நானே ரத்து செய்யலாமே என்று யாரோ சொல்ல, ரத்துப் பத்திரம் எழுதிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போனேன். பதிய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி என்று பிறகு புரிந்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 126ஆம் பிரிவின்படி, ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தைக் கொடுத்தவர் மனம் மாறியதால் மட்டும் ஒருதலையாகத் திரும்ப வாங்க முடியாது. பிறகு ஒரு வக்கீல். சிவில் வழக்கு போடலாம் என்று 30,000 முன்பணம் வாங்கினார், மாதக்கணக்கில் ஒன்றும் நகரவில்லை. இந்த அலைச்சல் முழுவதிலும் 2007ஆம் ஆண்டே பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது என ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. கடைசியில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு நானாகப் போன் செய்தபோதுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொன்னார்கள். இந்த எண்ணை வீட்டில் பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டியது 23ஆம் பிரிவு. 60 வயது நிறைந்த ஒருவர், தன்னுடைய அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாமல் விட்டால், அந்த மாற்றத்தை மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதித் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் ஆர்.டி.ஓ.தான், மேல்முறையீடு கலெக்டரிடம். பெற்ற பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருந்தால்தான் இது செல்லும் என்று அலுவலக வாசலிலேயே ஒருவர் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அப்படி இல்லை. சொத்தை வாங்கியவர் யாராக இருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும். வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. மனுவில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சிலர் பராமரிப்புத் தொகை மட்டும் கேட்டுவிட்டு பத்திர ரத்தைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டுமானால் இரண்டையும் கேட்க வேண்டும். பராமரிப்புத் தொகைக்கு 2007 சட்டத்தில் உள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். கொடுத்த மனுவுக்குத் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

விசாரணையில் தம்பியின் பதில் மனு இரண்டே விஷயத்தில் நின்றது. ஒன்று, பத்திரத்தில் நிபந்தனை எதுவும் எழுதவில்லை, அன்பினால் கொடுத்ததாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, அத்தைக்குப் பென்ஷன் வருகிறது, அதனால் பராமரிக்க வேண்டிய அவசியம் இல்லை. முதலாவதற்கு அவன் பக்கம் பலமான ஆதாரம் இருந்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பராமரிப்பு நிபந்தனை இருந்தது என்பது நிரூபிக்கப்படாவிட்டால் 23ஆம் பிரிவில் ரத்து செய்ய முடியாது என்று சொல்லியிருந்தது. அதன் நகலை அவன் மனுவோடு இணைத்திருந்தான். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நான் அன்பினால் கொடுத்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டது எனக்கே எதிராக நிற்கிறது.

நிலைமை மாறியது 2025இல். ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், அதை அந்த நோக்கத்துக்கு ஏற்றபடி தாராளமாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அங்கே மகன் கவனித்துக்கொள்வதாகத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தார். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது அம்மா ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. பத்திரத்தில் அன்பும் பாசமும் காரணம் என்று எழுதியிருந்தாலே, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் உட்பட்டிருக்கிறது, தனி வரியாக எழுதியிருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பேருந்தில் வரும்போது மொபைலில் இதைப் படித்தேன். என் பத்திரத்தில் இருக்கும் அதே வரிதான். அங்கேயே கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்த பெண் என்னவோ ஏதோ என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தீர்ப்புகளையும் பிரிண்ட் எடுத்து அடுத்த விசாரணையில் கொடுத்தேன். இப்படித் தீர்ப்பு வந்திருப்பதை அதிகாரி தானாகத் தேடிப் பார்ப்பார் என்று காத்திருக்காதீர்கள். தேதியோடு தாளாக அவர் மேஜையில் வையுங்கள்.

பென்ஷன் விஷயம் பற்றி ஆர்.டி.ஓ. என்னிடம் நேராகவே கேட்டார், "அம்மா, உங்களுக்கு மாசம் பணம் வேணுமா?" என்று. "பணம் வேண்டாம் சார். ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு ஆளும், இருக்கிற வரைக்கும் இருக்க என் வீடும்தான் வேணும்" என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண டைரி. வார்டில் டியூட்டி ரிப்போர்ட் எழுதிய பழக்கத்தில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். கண் ஆபரேஷன் தேதி, ஆட்டோ கூலி, பின்கட்டுக்கு மாறிய நாள், புரோக்கர்கள் வந்த நாள், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டில் உடன் வந்தவர் என்ற இடம் காலியாக இருந்தது வரைக்கும். 'கவனிக்கவில்லை' என்று பொதுவாகச் சொல்வதை யாரும் மறுத்துவிடலாம். தேதியோடு சொல்வதை மறுப்பது கடினம். பக்கத்து வீட்டு அக்கா வந்து சாட்சி சொன்னார், அந்த உபகாரத்தை மறக்கமாட்டேன். அந்த வருஷமே பத்திரம் செல்லாது என்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகம் போய் வில்லங்கத்தில் பதிவாக வேண்டும், பட்டாவுக்குத் தாசில்தாரிடம் தனி மனு, வீட்டு வரிக்கு ஒன்று, மின்சார வாரியத்துக்கு ஒன்று. எதுவும் தானாக நடக்கவில்லை, ஒவ்வொரு இடத்திலும் நான்தான் போய் நின்றேன். வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கும்படியும் உத்தரவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்பது அந்த ஜனவரித் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இனி எழுதப்போகிறவர்களுக்கு. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் உயிலே போதும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், முத்திரைத்தீர்வை கிடையாது, இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும் என்றால் பத்திரத்தில் இரண்டு விஷயங்களை விடாமல் சேருங்கள். ஒன்று, உங்கள் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும் அனுபவிக்கவும் உள்ள உரிமை. இன்னொன்று, உணவு, மருத்துவம், உடனிருந்து கவனித்தல் ஆகியவற்றைச் செய்ய வேண்டும் என்பதும், தவறினால் பத்திரம் ரத்துக்கு உட்பட்டது என்பதும். மேலே சொன்ன சென்னைத் தீர்ப்பு இருக்கிறதே, பிறகு எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். 2022 தீர்ப்பைக் காட்டி வாதாட இன்றைக்கும் ஆள் இருப்பார்கள். ஒரு வரி எழுதிவிட்டால் அந்த வாதத்துக்கே இடமில்லை. பேங்க் லோன் கிடைக்காது என்று சொன்னால், கிடைக்காமல் போகட்டும். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரையை வைத்து யாரும் லோன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வரைவை வீட்டுக்கு எடுத்து வந்து, சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்தை விட அதுதான் பலரையும் தடுக்கிறது. பாசம் இருக்கிற இடத்தில் நிபந்தனை எழுதினால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரியம் என்பது மனசில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது மட்டும் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்பது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, ஆஸ்பத்திரி வராண்டாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. இதையெல்லாம் செய்ய நினைக்கிறவருக்கு அதை எழுத்தில் பார்ப்பதில் என்ன வருத்தம்? என் தம்பி டைபாய்டு சமயத்தில் யாரும் சொல்லாமல் செய்தது அதுதான். பத்து வருஷம் கழித்து மனிதர்களுக்கு என்னென்ன கஷ்டம் வரும், யார் பேச்சு காதில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த வரி பத்திரத்தில் இருந்திருந்தால் எனக்கு மட்டும் இல்லை, அவனுக்கும் அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும், வீட்டை விற்கச் சொல்லி நெருக்கியவர்களிடம் காட்ட ஒரு காரணம் இருந்திருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். முன்பக்க அறையை அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன், துணைக்கும் ஆயிற்று. தம்பி இந்தப் பொங்கலுக்குப் போன் செய்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான், மற்ற கண்ணுக்கும் ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டான். வேண்டும், தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். உயில் எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.